மூணு நூலும் பத்து மில்லியும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் ஸ்பானர்தான். அந்தக் கைக்குப் பேனா ரொம்ப மெலிதாக இருக்கிறது, கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிந்துவிடுகிறது. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்னும் தகராறுதான். என் மகள் ஜெபா படித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். அவள் மலையாளப் பள்ளியில் படித்தவள், தமிழை வீட்டில் கற்றுக்கொண்டவள். ஆகவே மிச்சம் இருக்கும் பிழைகளில் பாதி என்னுடையது, பாதி அவளுடையது.

எங்கள் தமிழர் சங்க மலருக்கு, ஓய்வுபெற்றவர்கள் அவரவர் தொழிலைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் செயலாளர் பார்த்துவிட்டார். "ஞானமணி, நீங்களும் எழுதணும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த வருடமும் கேட்டார், அப்போதும் தலையை ஆட்டினேன்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளைக்கு முன்பு, நான் வேலை பார்த்த வொர்க்‌ஷாப்புக்குச் சும்மா போயிருந்தேன். கிள்ளிப்பாலத்தில் இறங்கி உள்ளே நடக்கும் தூரம். இப்போது அங்கே இருக்கும் மெக்கானிக்குகள் வண்டியில் ஒரு ஒயரைச் செருகித் திரையைப் பார்த்து வேலை செய்கிறார்கள். ஷெட்டைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம், இரண்டு பழைய பெட்டிகளை என் முன்னால் வைத்தார்கள். "அண்ணா, ஒரே வேலைக்கு ரெண்டு பெட்டி ஸ்பானர் எதுக்கு? நிங்களுக்குப் பிராந்தா?" என்று, பைத்தியமா என்பதை மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நின்றுகொண்டு பதில் சொல்ல எனக்கு வராது. பதில் இதோ.

ஒரு பெட்டி அங்குலம், ஒரு பெட்டி மில்லி. பழைய வண்டிகளின் போல்ட்டும் நட்டும் அங்குலக் கணக்கில் செய்தவை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்போம். அரை அங்குல போல்ட் நாலு நூல், அதற்குச் சிறியது மூணு நூல். பின்னால் வந்த வண்டிகள் மில்லிமீட்டரில் வந்தன. எட்டு மில்லி, பத்து மில்லி, பன்னிரண்டு மில்லி. இரண்டும் தனித்தனியாக இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் நடுவில் சில வருடங்கள் இரண்டையும் ஒரே வண்டியில் போட்டு அனுப்பினார்கள்.

எங்களிடம் அதிகம் வந்தது மலைப்பக்கத்து ஜீப்புகள். அந்த ஜீப்பின் அடிப்பாகம், சக்கரம், பிரேக் எல்லாம் பழைய அச்சில் வார்த்தவை, அங்குலம். அதன் மேல் உட்கார வைத்த டீசல் என்ஜின் வேறு நாட்டு வரைபடத்தில் செய்தது, மில்லி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், இரண்டு மாநில எல்லையில், களியக்காவிளை இருக்கிறது. ஒரு கடையின் போர்டு தமிழ், அடுத்த கடையின் போர்டு மலையாளம், நடுவில் நிற்கும் டீக்கடைக்காரர் இரண்டும் பேசுவார். அந்த ஜீப்பில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம் களியக்காவிளைதான். ஒரே வட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் போல்ட் வேறு வேறு ஜாதியாக இருக்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் மண் விழ, கையைத் துழாவி ஸ்பானரைப் போட்டால் அது பதிமூன்றா அரை அங்குலமா என்று தெரியாது. பதிமூன்று மில்லி ஸ்பானர் அரை அங்குலத் தலையிலும் உட்காரும். உட்கார்ந்து, திருகும்போது வழுக்கி, மூலையைத் தின்றுவிடும். மூலை போன போல்ட்டைக் கழற்ற உளியும் சுத்தியலும் வேண்டும், அன்றைய பொழுதும் வேண்டும்.

எல்லாமே எதிரிகள் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். பதினொன்று மில்லியும் ஏழு பதினாறும் நல்ல சிநேகிதர்கள், ஒன்றின் ஸ்பானர் மற்றதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். பத்தொன்பதும் முக்காலும் அப்படித்தான். இந்த இரண்டு ஜோடியைக் கண்டால் மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். என் மனைவி ஒருமுறை வீட்டில் பொருந்தாத மூடியைப் பாத்திரத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "அது மில்லி, இது இஞ்சு" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் தொழில் படித்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன், ஒரு உறவுக்காரர் வொர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டார், சில வருடம் பாகங்களை டீசலில் கழுவினேன், பிறகு கழற்றினேன், பிறகு மாட்டினேன். சொல்ல வேண்டியது ஆசானைப் பற்றி.

ஆசான் என்றால் எங்கள் ஃபோர்மேன். பெயர் சுகுமாரன், ஆனால் அந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மலையாளி. என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார், அது அவருடைய சொந்தத் தமிழ். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஷெட்டில் எல்லார் சட்டையும் கறுப்பாக இருக்க, அவர் சட்டை மாலை வரை வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவர் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. யாராவது தப்பான ஸ்பானரைப் போட்டு வழுக்கவிட்டால் அந்தச் சத்தம் அவருக்கு எங்கிருந்தாலும் கேட்கும். மெல்ல நடந்து வருவார். கையிலிருந்து ஸ்பானரை வாங்குவார், தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், போய்விடுவார். அவ்வளவுதான். ஸ்பானர் வேண்டுமென்றால் நாம் போய் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். கேட்டால் உடனே கொடுத்துவிடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

வெட்கப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முதல் தடவை நான் கேட்கவே இல்லை, மதியம் வரை விரலாலேயே நட்டுகளைத் திருகிக்கொண்டிருந்தேன். டிங்கரிங் வேலை பார்த்த பாபு அங்கிருந்து கத்தினான். "ஆசானே, நம்ம மணிக்கு இனி ஸ்பானர் வேண்டா. விரலு மதி." விரலே போதுமாம்.

மாட்டும்போது ஆசானுக்கு ஒரே ஒரு சட்டம். எந்த நட்டையும் முதலில் கையால் மூன்று சுற்று ஏற்ற வேண்டும். மூன்று சுற்று கையில் ஏறினால் சரியான ஜோடி. ஏறாமல் பிடித்தால் ஜாதி மாறிவிட்டது, எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்பானரைத் தொடக்கூடாது. "ஸ்பானருக்குப் பலம் உண்டு, புத்தி இல்லா. கைதான் பறையும்" என்பார். கைதான் சொல்லும் என்று அர்த்தம். இந்தச் சட்டத்தால் எத்தனையோ மரைகள், அதாவது திருகின் வரிகள், பிழைத்தன. ஒரே ஒரு தடவை அந்தச் சட்டம் எங்களைக் கைவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு ஜீப் வந்தது. காலையில் எஸ்டேட் லயத்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைப் பிள்ளைகளைக் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறக்குவதும் மாலையில் ஏற்றுவதும் அதன் வேலை. டிரைவர் செல்லையா, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், எஸ்டேட்டிலேயே பிறந்தவன். அவன் சொன்ன புகார் இது. இறக்கத்தில் ஒரு இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் மெல்லக் கீழே போகிறது, விட்டு மிதித்தால் திரும்ப வருகிறது. எப்போதும் இல்லை, சில நாள் மட்டும்.

எங்களுக்கு முன்னால் இரண்டு இடத்தில் காட்டியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செல்லையா ஒத்துக்கொள்ளவில்லை. இதைச் சரி செய்யாமல் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டான். மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தார்கள், பெற்றோர் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஷெட்டிலும் ஒன்றும் இல்லை என்றால் வண்டியை வேறு ஆளிடம் கொடுப்பது, செல்லையாவைக் கொழுந்து எடைபோடும் இடத்துக்கு மாற்றுவது என்று முடிவு செய்திருந்தார். நகரத்தில் அவருக்கு வேறு வேலை இருந்தது. மாலையில் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று ஜீப்பை விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆசான் தானே கை வைத்தார். நான் கூட நின்றேன். நாலு சக்கரத்தையும் கழற்றினோம். பிரேக் குழாய் சக்கரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன நட் இருக்கும், மூணு நூல்; இதற்கு மரை வெளிப்பக்கம், துளைக்குள் திருகுவது. அந்த நாலு நட்டையும் ஆசான் ஒவ்வொன்றாகக் கழற்றி, கையால் மூன்று சுற்று ஏற்றிப் பார்த்து, திரும்ப முடுக்கினார். நாலும் வெண்ணெய் மாதிரி ஏறின. பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியே எடுத்தோம். எண்ணெய்க் கசிவு எங்கும் இல்லை. கரமனை வரை ஓட்டிப் பார்த்தார், வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

"ஒன்னும் காணலையே" என்றார் ஆசான், வண்டியைப் பார்த்து. செல்லையாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் எல்லாரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். செல்லையா பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தான், சாப்பிடவில்லை. நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, உட்கார வரும்.

அவனே பேசினான். "அண்ணாச்சி, எனக்குப் பயம்னு நெனக்காங்க. பயம்தான். பதினெட்டுப் பிள்ளைய பின்னால கெடக்கு. பயப்படாம இருக்க முடியுமா?"

"எந்த எடத்துல பெடல் எறங்குது?"

"மேல அம்மன் கோயில் வளைவு தாண்டி, பாலம் தாண்டி, கருப்புப் பாறை. அங்க விடாம மிதிக்கணும். பாறை முடியற வரைக்கும் காலை எடுக்க முடியாது." அவன் கால் தன்னால் தரையை அழுத்தியது. "இங்க ஆருமே பாறை முடியற வரைக்கும் மிதிக்கலயே அண்ணாச்சி. ஒரு மிதி மிதிச்சிட்டு, நல்லாருக்குங்காங்க."

அது சரிதானே என்று பட்டது. நாங்கள் எல்லாரும் சமதரையில் ஓட்டுகிறவர்கள் மிதிப்பது போல மிதித்துப் பார்த்தோம். ஆசானிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆசான் பார்த்து முடித்த வேலையைத் திரும்பப் பார்க்கலாம் என்று சொல்ல என் வாய்க்குத் தைரியம் இல்லை. கையைக் கழுவிவிட்டு, சோற்றைச் சுற்றி வந்த செய்தித்தாளைக் கிழித்து நாலு துண்டாக்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அந்த நட்டுக்கு அடியிலும் ஒன்றை விரித்தேன். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

"செல்லையா, ஏறி உக்காரு. எஸ்டேட்லேர்ந்து கீழ எறங்கு."

"இங்கயா?"

"இங்கதான். அங்க எப்படி மிதிப்பியோ அப்படியே மிதி. எடத்தை மட்டும் சொல்லிக்கிட்டே வா."

அவன் ஏறி உட்கார்ந்தான். பிறகு ஆரம்பித்தான். "ஆபீஸ் கேட்டு தாண்டியாச்சு. லயம். பிள்ளைய ஏறுது. ஏலே, கைய உள்ள வை." பெடல் அழுந்தும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டது. "அம்மன் கோயில். கும்பிட்டாச்சு. வளைவு." அழுத்தினான், விட்டான். "பாலம். மெதுவா." ஷெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நிற்பது கால்களாக எனக்குத் தெரிந்தது. ஒரு வெள்ளை வேட்டியும் வந்து நின்றது. ஆசான்.

"கருப்புப் பாறை" என்றான் செல்லையா. மிதித்தான், விடவில்லை.

பாபுவால் சும்மா இருக்க முடியாது. இரண்டு கையையும் வாயில் குவித்து, "பாம்... பாம்... எதிரே பஸ்ஸு" என்றான்.

செல்லையாவுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. அவன் அப்போது எங்கள் ஷெட்டிலேயே இல்லை. சீட்டைவிட்டு எழும்பி, உடம்பு முழுவதையும் பெடல் மேல் இறக்கினான். இடது பின்சக்கரத்து நட்டின் ஓரத்தில் பிரேக் எண்ணெய் ஒரு துளி வந்தது. நின்றது. பெருத்தது. செய்தித்தாளில் விழுந்தது.

"எறங்குது அண்ணாச்சி, பெடல் எறங்குது" என்றான்.

"கண்டேன்" என்றேன். என் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது என்று பாபு பின்னால் சொன்னான்.

காலை எடுத்ததும் துளி நின்றுவிட்டது. துடைத்தால் நட் காய்ந்து கிடக்கிறது, ஒன்றுமே நடக்காதது போல. மலையில் அந்த ஈரத்தைப் புழுதி குடித்துவிடும், மழை கழுவிவிடும். யார் கண்ணுக்குத் தெரியும்?

அந்த நட்டைக் கழற்றினேன். கையால் மூன்று சுற்று ஏற்றினேன். சுலபமாக ஏறியது, காலையில் ஆசானுக்கு ஏறியது போலவே. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தேன். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. வலது சக்கரத்து நட்டையும் அதே போல மூன்று சுற்றில் நிறுத்தி ஆட்டினேன். ஆடவில்லை.

ஆசான் குனிந்து பார்த்தார். தன் பெட்டியிலிருந்து ஒரு பத்து மில்லி நட்டை எடுத்து வந்து அந்த இடது துளையில் ஏற்றினார். இறுக்கமாக, ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. எப்போதோ எங்கேயோ அந்தச் சக்கரத்தின் பிரேக் சிலிண்டரை மாற்றியிருக்கிறார்கள். பழையது கிடைக்காமல், புது மாதிரி வண்டியின் சிலிண்டரைப் போட்டிருக்கிறார்கள். பார்க்க ஒன்றேபோல் இருக்கும், போல்ட் துளையும் சேரும். ஆனால் அதன் குழாய்த் துளை மில்லி. குழாயின் நட் அங்குலம். மூணு நூல் என்பது பத்து மில்லியைவிட அரை மில்லி ஒல்லி, மரையின் நெருக்கமும் ஏறத்தாழ ஒன்று. பெரிய நட் சின்னத் துளையில் ஏறாது, கை உடனே சொல்லிவிடும். ஒல்லி நட் பெரிய துளையில் ஏறும், முடுக்கினால் இறுகவும் செய்யும். சமதரையில் தாங்கும். கருப்புப் பாறையில் தாங்காது. ஆசானின் சட்டம் காத்தது முதல் வகையிடமிருந்து மட்டும். சுலபமாக ஏறுகிற தப்பை அது உள்ளே விட்டுவிட்டது.

ஆசான் எழுந்து நின்றார். காலையில் அந்த நட்டை முடுக்கிய ஸ்பானர் அவர் கையில் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, கிரீஸ் படிந்த என் சட்டைப் பையில் அதைப் போட்டுவிட்டு நடந்து போனார்.

மாலையில் மேனேஜர் வந்தபோது சிலிண்டர் பெஞ்சின் மேல் இருந்தது. சாலைக் கடைத்தெருவில் தேடி வாங்கிய அங்குலச் சிலிண்டரும் பக்கத்தில் இருந்தது. "எந்தாயி?" என்று, என்ன ஆயிற்று என்பதைக் கேட்டார். ஆசான் என்னைக் காட்டினார். "இவன் கண்டது. இவன் பறையும்."

நட்டை மில்லிச் சிலிண்டரில் மூன்று சுற்று ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். "ஆட்டிப் பாருங்க சார்." ஆட்டினார். அதே நட்டை அங்குலச் சிலிண்டரில் ஏற்றிக் கொடுத்தேன். ஆட்டினார். மறுபடியும் முதலாவதை வாங்கி ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு செய்தித்தாளில் காய்ந்திருந்த வட்டத்தைக் காட்டினேன்.

அவர் செல்லையா பக்கம் திரும்பினார். "செல்லையா, ஊணு கழிச்சோ?" சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"இல்ல சார்."

"வா" என்றார். இரண்டு பேரும் எதிர்த்த கடைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது செல்லையா வெற்றிலை போட்டிருந்தான். அதற்குள் நாங்கள் அங்குலச் சிலிண்டரை மாட்டிவிட்டோம். அன்றே ஜீப் மலையேறியது, செல்லையாதான் ஓட்டினான்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் ஆசான் என் முன்னால் வந்து நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மணி, என்டெ ஸ்பானர்" என்றார். அவர் சட்டம் அவருக்கும் உண்டு. நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இனி மூணு சுத்து கை. பின்னே ஒரு ஆட்டு." அன்று முதல் அதுதான் சட்டம். பாபு மட்டும், எதிரே பஸ்ஸைக் கொண்டு வந்தது தான் என்றும், தனக்கு யாரும் ஸ்பானர் கொடுக்கவில்லை என்றும் ரிட்டயர் ஆகும் வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது வருகிற வண்டிகள் எல்லாம் மில்லிதான். அங்குலம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விரல் முட்டியில் தழும்பு இருக்கிற எந்த மெக்கானிக்கும் வருத்தப்பட மாட்டான். தம்பிகள் அந்தப் பெட்டியைத் தாராளமாக எடைக்குப் போடட்டும். ஆட்டிப் பார்ப்பதை மட்டும் விட வேண்டாம்.

செல்லையா அடுத்த தடவை சர்வீசுக்கு வந்தபோது எஸ்டேட் தேயிலை ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். டீ போட்டுக் குடித்தபடியே சொன்னான். "மறுநா காலைல மேனேஜரும் வந்து ஏறுனாரு அண்ணாச்சி. முன்னால உக்காரும்னேன். மாட்டேன்னுட்டாரு. பின்னால பிள்ளைய பெஞ்சுல, ரெண்டு பையனுக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு உக்காந்தாரு. அம்மன் கோயில்ல பிள்ளையளோட சேந்து கும்பிட்டாரு. பாறை வந்துச்சு. மிதிச்சேன். பெடல் அங்கனயே நின்னுச்சு."

"அப்புறம் அவரு என்ன செஞ்சாரு?"

"பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து, பிள்ளையளோட பையெல்லாம் எறக்கிக் குடுத்தாரு."

ஆவணி மாதம் இரண்டாம் ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து வந்து, எழுதி முடித்தேன்.